பிர்னோ நகரத்து ரைபிள்

சங்கத்தின் மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்டவர்கள், கல்வெட்டு பற்றியோ வடார்க்காட்டுச் சமணக் குன்றுகள் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். போன தடவை அதைத்தான் எழுதினேன். இந்த முறை என் வீட்டு இரும்பு அலமாரியில் இருக்கும் ஒரு பழைய துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறேன். "நயினார் வீட்டில் துப்பாக்கியா?" என்று கொல்கத்தாவில் என்னைக் கேட்காத தமிழர் குறைவு. ஒரேயடியாக எழுதிப் பதில் சொல்லிவிட்டால் தேவலை.

நான் போஸ்தா பஜாரில் பருப்பு வியாபாரம் செய்பவன். தொண்ணூறுகளில் பணப்பையோடு சாயங்காலம் வீடு திரும்பும்போது ஒரு தடவை வழிமறித்துப் பிடுங்கிக்கொண்டார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் லைசென்ஸ் போடு, ரிவால்வர் வாங்கு என்று நச்சரித்தார்கள். லைசென்ஸ் கிடைத்தது. டல்ஹௌசிப் பக்கத்தில் பழைய துப்பாக்கிக் கடைகள் உண்டல்லவா, அதில் ஒன்றுக்குப் போனேன். ரிவால்வரைக் கையில் எடுத்ததுமே எனக்கு ஆகவில்லை. அது மனிதனை நோக்கி நீட்டுவதற்கென்றே செய்த சாமான். மூலையில் எண்ணெய் மங்கிய வால்நட் கட்டையோடு ஒரு .22 ரைபிள் சாய்த்து வைத்திருந்தது. கல்லூரியில் என்.சி.சி.யில் சுட்டது இதே அளவுக் குண்டுதான். விலை கேட்டேன். ரிவால்வர் விலையில் கால்வாசிகூட இல்லை. கடைக்கார தாதா, "இதை வைத்துத் திருடனை விரட்ட முடியாது, நாணயத்தில் ஓட்டை போடலாம்" என்றார். அதுதான் வேண்டும் என்று வாங்கிவிட்டேன்.

துப்பாக்கி என்பது துருக்கிச் சொல்லிலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்தது. ரைபிள் என்பதோ குழலுக்குள் வெட்டிய புரியைக் குறிக்கும் சொல். கயிற்றில் புரி ஓடுவது போல் உள்சுவரில் பள்ளங்கள் திருகிச் செல்லும். குண்டு அதில் கடித்துக்கொண்டு சுழன்றபடி வெளியேறும். .22 ரைபிளில் வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. நொடிக்கு 330 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு, கணக்குப் போட்டுப் பார்த்தால், நொடிக்கு 800 தடவைக்கு மேல் சுழல்கிறது. பம்பரம் சாயாமல் நிற்கிற அதே காரணத்தால் அதன் மூக்கும் விலகாமல் போகிறது. போல்ட் என்பது வேறொன்றும் இல்லை, நம் வீட்டுக் கதவின் பழைய இரும்புத் தாழ்ப்பாள். தூக்கி, பின்னே இழுத்து, முன்னே தள்ளி, கீழே அமுக்க வேண்டும். தாழ்ப்பாள் கெட்டியாக இருந்தால் வெடிக்கும்போது எதுவும் அசையாது. அசையும் பாகம் குறைவு என்பதால்தான் மலிவான போல்ட் ரைபிள்கூட விலையுயர்ந்த தானியங்கியைவிட நேராகச் சுடும்.

என்னுடையது பிர்னோ மாடல் 2. இன்றைய செக் நாட்டில் மொராவியப் பகுதியில் இருக்கும் ஊர் பிர்னோ. அந்த ஊர் மடாலயத் தோட்டத்தில்தான் மெண்டல் பட்டாணிச் செடிகளை வைத்துப் பரம்பரை விதிகளைக் கண்டுபிடித்தார். பட்டாணி வியாபாரியான எனக்கு இந்தச் சம்பந்தம் தெரிந்தபோது உண்டான சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. பிரென் என்ற இயந்திரத் துப்பாக்கியின் பெயரிலும் பிர்னோ இருக்கிறது. பிர்னோவும் இங்கிலாந்தின் என்ஃபீல்டும் சேர்ந்து பிறந்த பெயர் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்தத் தொழிற்சாலை வேட்டைக்காரருக்கும் மாணவருக்கும் என்று செய்த சிறு ரைபிள் வரிசையில் வந்தது மாடல் 2. பிற்காலத்தில் சி.இசட். 452 என்று உலகம் முழுக்க விற்றது இதன் வாரிசுதான். ஐந்து குண்டு பிடிக்கும் கழற்றக்கூடிய பெட்டி, கனமான குழல், கைமிதமான விசை. அலங்காரம் எதுவும் கிடையாது. காசையெல்லாம் குழலில் போட்டிருக்கிறார்கள்.

குண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். .22 லாங் ரைபிள் 1887இல் அமெரிக்காவில் வந்தது. குறுக்களவு 5.6 மில்லிமீட்டர். எடை 40 கிரெயின், அதாவது 2.6 கிராம். கிரெயின் என்றால் தானிய மணி. நாம் குன்றிமணியில் தங்கம் நிறுத்தது போல அவர்கள் வாற்கோதுமை மணியில் நிறுத்திருக்கிறார்கள். இந்தக் குண்டில் 'அதிவேகம்' என்று அச்சிட்டு விற்பதை வாங்கக் கூடாது. அது ஒலியைவிட வேகமாகக் கிளம்பி வழியிலேயே ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும். அந்த இடத்தில் காற்று அதை உலுக்கிவிடும். ஒலிக்குக் கொஞ்சம் குறைவாகக் கிளம்புவதுதான் சீராகப் போகும். அப்படிப்பட்ட குண்டும் 50 மீட்டருக்குள் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். அதற்காகத்தான் குறிமுனையைத் திருத்துகிறோம். இன்னொரு விசித்திரம், ஒவ்வொரு குழலுக்கும் ஒவ்வொரு தயாரிப்புதான் பிடிக்கும். என் ரைபிளுக்கு எது ஒத்துவரும் என்று நான்கு வகை வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். விலை கூடியது சிதறியது. நடுத்தர விலையில் இருந்த ஒன்று, 50 மீட்டரில் ஐந்து குண்டும் ஐந்து ரூபாய் நாணயம் மூடுகிற இடத்துக்குள் விழுந்தது. அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆனால் எல்லா மாதமும் அப்படி விழாது. வங்காள மழைக்காலம் கட்டையைக் குடித்துவிடும். வால்நட் ஊதினால் குழலின்மேல் ஒரு பக்கமாக அழுத்தும். குறி இரண்டு விரற்கடை நகர்ந்துபோகும். முதல் வருஷம் இது புரியாமல் கண்ணைச் சந்தேகப்பட்டு மருத்துவரிடம் போனேன். பிறகு ஒரு பழைய மெக்கானிக் சொல்லித்தான், கட்டைக்கும் குழலுக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்து இழுத்துப் பார்க்கக் கற்றேன். தாள் சிக்கினால் அங்கே உப்புத்தாளால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். திருகாணிகளை எப்போதும் ஒரே இறுக்கத்தில் வைக்க வேண்டும். துப்புரவு செய்யும் கம்பியை வாய்ப்பக்கம் விடாதீர்கள், போல்டைக் கழற்றிப் பின்பக்கத்திலிருந்து விடுங்கள். வாயின் விளிம்பில் கீறல் விழுந்தால் நல்ல குழலும் பாழ். தோலுறையில் போட்டு வைப்பதும் கூடாது. தோல் ஈரம் வாங்கித் துருவைக் கொடுக்கும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி, பழைய வேட்டித் துணி, இவையே போதும்.

கண் உண்மையில் சிக்கல்தான். அறுபது தாண்டினால் பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றில் ஒன்றுதான் தெளிவாகத் தெரியும். முன்குறியைத் தெளிவாகப் பாருங்கள், இலக்கு மங்கலாகவே இருக்கட்டும். பின்குறிக்குப் பதில் சின்னத் துளையுள்ள வளையம் பொருத்தினால் இன்னும் நல்லது. சிறு துளை வழியே பார்க்கும்போது கிட்டவும் எட்டவும் ஒருசேரத் தெளியும். பாதி மூச்சை வெளியே விட்டு நிறுத்தி, விசையை எப்போது விழும் என்று தெரியாத மாதிரி அமுக்க வேண்டும். மருமகள் இதை "மாமாவோட சாமாயிகம்" என்று கிண்டல் செய்வாள்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். எங்கள் நூல்கள் ஹிம்சையை நான்காகப் பிரிக்கும். திட்டமிட்டுச் செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. முதலாவதை இல்லறத்தான் அறவே விட வேண்டும், மற்றவற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். காகிதத்தைச் சுடுவது இந்த நான்கில் எதிலும் சேராது என்று முதலில் சாமர்த்தியமாக வாதாடினேன். ஆனால் அருங்கலச்செப்பைத் திரும்பப் படித்தபோது வேறொன்று குத்தியது. கொலைக்கருவியைப் பிறர் கையில் சேர்ப்பதும் வீண்குற்றங்களில் ஒன்று. கருவி என் கையில் இருப்பதைவிட யார் கைக்குப் போகும் என்பதுதான் கேள்வி.

அது ஏட்டுக் கேள்வியாக நிற்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுடுதளத்தில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. சுடுவதை நிறுத்தச் சொன்னார்கள். அவசரத்தில் பெட்டியைக் கழற்றி ரைபிளைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் பாய் விரித்துத் துடைக்க உட்கார்ந்து போல்டை இழுத்தேன். உயிருள்ள குண்டு ஒன்று துள்ளிப் பாயில் விழுந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பேரன் எடுத்து, "தாத்தா, குட்டிப் பென்சில்!" என்றான். பெட்டியைக் கழற்றினாலும் அறைக்குள் ஏறிய குண்டு அங்கேயேதான் இருக்கும். இதைப் பிறருக்கு நூறு தடவை சொன்னவன் நான். சோதிக்காமல் அனுப்பினார்களே என்று தளத்தின் மேல் பழி போட்டிருக்கலாம். போல்டைத் திறந்து கண்ணாலும் விரலாலும் பார்க்காதது நான். இந்தச் சின்னக் குண்டு ஒன்றரைக் கிலோமீட்டர் போகக்கூடியது. மூன்று மாதம் அலமாரியைத் திறக்கவே இல்லை. அதன்பின் போல்டு ஓரிடத்தில், ரைபிள் ஓரிடத்தில், குண்டு வேறொரு பூட்டில். சாவி என் பூணூலில் கோத்தது.

பழைய துப்பாக்கி உள்ள தமிழ்க் குடும்பங்கள் வெளிமாநிலங்களில் நிறைய உண்டு. தாத்தா தேயிலைத் தோட்டத்திலோ ரயில்வேயிலோ இருந்தபோது வாங்கியது பரண்மேல் கிடக்கும். லைசென்ஸ்காரர் காலமானதும் அது வீட்டில் இருப்பதே சட்டப்படி குற்றமாகிவிடும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ உடனே ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாரிசு வேண்டுமென்றால் தன் பெயரில் லைசென்சுக்கு விண்ணப்பிக்கலாம். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில்தான் சேரும். லைசென்ஸ் மூன்று வருஷம் என்றிருந்தது ஐந்து வருஷமாகியிருக்கிறது. வேட்டை 1972 சட்டத்தோடு போயிற்று. அதைப் பற்றி எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

புனேயில் இருக்கும் மகன், "அப்பா, எனக்கு வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான். பேரனுக்கு இன்னும் வயதாகவில்லை. கிளப்பில் ஒரு வங்காளப் பெண் வாடகை ரைபிளில் நன்றாகச் சுடுகிறாள். லைசென்சுக்கு மனுப் போட்டிருக்கிறாள். போன வாரம் என் ரைபிளில் பத்துக் குண்டு சுட்டாள். ஏழு நடுவில் விழுந்தது. "தாது, இதை விற்பீர்களா?" என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். முதலில் அவள் போல்டைத் திறந்து அறையைப் பார்க்காமல் ரைபிளைக் கீழே வைக்கிறாளா என்று இன்னும் சில ஞாயிற்றுக்கிழமைகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.