மகள் வாசித்த அட்டையும் நாங்கள் வாசித்த அட்டையும்

சுவிசுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசிப்பது ஒன்பது வயது மகள்தான். பாடசாலைக் கடிதம், வாடகைக் கடிதம், எதுவானாலும் அவள் சொல்வதே எங்களுக்கு முடிவு. கெட்ட செய்தி வந்தால் முதலில் தெரிவதும் அந்தப் பிள்ளைக்குத்தான். உங்களில் பலர் வீட்டிலும் இதே கதையாக இருக்கும்.

ஒருநாள் அவள் தாயைக் கூட்டிக்கொண்டு போய் லுடோதேக்கிலிருந்து ஒரு பெட்டி எடுத்து வந்தாள். புத்தகங்களுக்கு நூல்நிலையம் போல விளையாட்டுச் சாமான்களை இரவல் கொடுக்கும் இடம் அது. சுவிசில் பல ஊர்களில் உண்டு. கட்டணம் சிறிது. உங்கள் ஊரில் இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள்.

பெட்டிக்குள் இருந்தது 'சாண்டோரினி'. கோர்டன் ஹாமில்டன் என்ற கனடாக் கணித அறிஞர் உருவாக்கியது. 2004 இல் முதலில் வெளிவந்து, 2016 இல் புது வடிவம் பெற்றது. சாண்டோரினி என்பது கிரேக்கத்தில் உள்ள ஒரு தீவு. அங்குள்ள வெள்ளை வீடுகளும் நீலக் கூரைகளும்தான் பலகையில் எழும்புகின்றன.

தாயம் போலச் சோழி உருட்டும் வேலை இதில் இல்லை. 25 கட்டங்கள், ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு வேலையாட்கள். உங்கள் முறை வந்தால் ஓர் ஆளைப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தி, அதே ஆள் பக்கத்தில் ஒரு கட்டையை வைக்கவேண்டும். ஏறும்போது ஒரு தட்டுத்தான் ஏறலாம். இறங்குவதற்குக் கணக்கில்லை. மூன்றாம் தட்டில் முதலில் ஏறுபவருக்கு வெற்றி. மூன்றாம் தட்டின் மேல் நீல மூடியை வைத்துவிட்டால் அதில் ஒருவரும் ஏற முடியாது.

இதில் உள்ள சங்கடம், நாங்கள் கட்டியதில் அவளும் ஏறலாம் என்பதுதான். எங்களுக்கென்று கட்டிய படியில் அவள் ஏறி நின்று சிரித்த நாட்கள் பல. இரண்டாம் தட்டில் நிற்கும்போது பக்கத்தில் இரண்டு மூன்றாம் தட்டுகள் இருந்தால், எதிராளி ஒன்றைத்தான் மூடலாம். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு கிழமை சென்றது.

பழகிய பிறகு தெய்வ அட்டைகளைச் சேர்க்கலாம். (அம்மம்மா தொலைபேசியில் "சாமியை வைச்சு விளையாடுறியளோ" என்று கேட்டார். கிரேக்கச் சாமிகள் என்றதும் பேசாமல் விட்டுவிட்டார்.) ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஒரு வரம். வரங்களை டொச்சில் எழுதியிருப்பதால் வாசித்துச் சொல்வது மகள்.

ஒரு சனிக்கிழமை அவளுக்குத் தெமேத்தர் வந்தது. ஒரு முறையில் இரண்டு தடவை கட்டலாம் என்றாள். ஒரு தட்டு இருந்த இடத்தில் இரண்டு கட்டைகளை ஒன்றாக அடுக்கி மூன்றாம் தட்டாக்கினாள். எங்கள் ஆட்கள் இருவரும் தூரத்தில். அடுத்த முறை ஏறி வென்றாள்.

அவள் நித்திரைக்குப் போனபின் அகராதியை எடுத்து அந்த அட்டையோடு குந்தினோம். இரண்டு வரிக்கு அரை மணித்தியாலம். அதில் இருந்த 'நிக்ட்' எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்: இல்லை. இரண்டாவது தடவை கட்டலாம், ஆனால் அதே இடத்தில் இல்லை!

காலையில் அட்டையைக் காட்டினோம். பார்த்துவிட்டு இன்னோர் அட்டையை எடுத்தாள். ஹெபைஸ்தோஸ். ஒரே இடத்தில் இரண்டு கட்டை வைப்பது அவருடைய வரம்.

"மாறிச் சொல்லிப்போட்டன் அப்பா. நீங்களே வாசிச்சனீங்கள்?"

"ஓம் பிள்ளை, அம்மாவும் நானும்."

அவள் அந்த ஆட்டத்தைத் திரும்ப வைக்கச் சொன்னாள். திரும்பவும் அவளே வென்றாள்.

அடுத்த கிழமை பாடசாலைக் கடிதம் வந்தது. அவளிடம் கொடுக்காமல் நாங்களே பிரித்தோம். ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. பெற்றார் கூட்டம், வியாழக்கிழமை பின்னேரம் ஏழு மணிக்கு. இரண்டு சொல் அகராதியில் அகப்படவில்லை. அவற்றை மட்டும் அவளிடம் கேட்டோம்.