பென் டிரைவைப் பழுதின்றிப் பிரதியெடுக்கும் முறை

பங்குத்தொகைக் கணக்கையும் சிக்கன நிதிக் கணக்கையும் கணினியில் எழுதிவரும் சங்கங்கள் இன்று பல. அக்கணக்குகள் யாவும் சில இடங்களில் ஒரே ஒரு பென் டிரைவில் அடங்கியிருக்கின்றன. அது பழுதுற்றால் அங்கத்தினரின் வரவு செலவு அனைத்தும் அதனோடு மறையும். ஆதலின் அதனைப் பிரதியெடுக்கும் முறையை நாம் அறிந்திருத்தல் அவசியமாகும்.

கோப்புகளை மட்டும் நகலெடுத்தல் வேறு. கோப்பமைப்பையே நகலெடுத்தல் வேறு. ஜக்கார்டு தறியில் நெய்த பூவைக் கண்டு வரைந்துகொள்வது முன்னதை ஒக்கும். அட்டைகளை வரிசை மாறாமல், துளைக்குத் துளை புதிதாக அடித்துக்கொள்வது பின்னதை ஒக்கும். எக்கோப்பு எவ்விடத்தில் உள்ளது என்னும் குறிப்பேடும், பிரிவுகளும், கணினியைத் துவக்கும் பகுதியும் இதில் அப்படியே வந்துசேரும். கணக்குக் கோப்புகளுக்கு முன்னதே போதுமானது. கணினியைத் துவக்கும் டிரைவுக்கோ பின்னது இன்றியமையாதது.

லினக்ஸ் கணினியில் இதற்கு 'டிடி' என்னும் கருவி உண்டு. அதற்கு மூலத்தை 'ஐஎஃப்' என்றும், சேருமிடத்தை 'ஓஎஃப்' என்றும் குறித்துக் கொடுத்தல் வேண்டும். இவ்விரண்டும் இடம் மாறினால், வெற்று டிரைவு மூலத்தின்மேல் எழுதப்பட்டு, உள்ள கணக்கும் அழிந்துபோகும். 'செய்யலாமா?' என்று அக்கருவி ஒருபோதும் கேளாது.

இவ்விபத்தைத் தவிர்க்க வழி யாது? இரு டிரைவுகளையும் ஒருங்கே செருகாதிருத்தலே நன்று. முதலில் மூலத்தைச் செருகி, அதன் பெயரையும் கொள்ளளவையும் 'எல்எஸ்பிஎல்கே' என்னும் கட்டளையால் உறுதி செய்க. கோப்பமைப்பைக் கணினியின் இணைப்பினின்று விடுவித்த பின்னரே, முழு டிரைவையும் கணினியின் வட்டில் ஒரே படிமக் கோப்பாக எடுத்துக்கொள்க. பிறகு மூலத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டுக. அதன் பின்னர்ப் புதிய டிரைவைச் செருகி, அதன் பெயரையும் அவ்வாறே உறுதி செய்து, படிமத்தை அதில் எழுதுக. புதியதில் முன்பு இருந்தவை யாவும் அழியும் என்பதை மறவற்க.

புதிய டிரைவின் கொள்ளளவு மூலத்தினும் ஒரு பைட்டேனும் குறைதல் கூடாது. இரண்டின்மேலும் 16 ஜிபி என்றே அச்சிட்டிருப்பினும், உண்மை அளவு சிறிது வேறுபடலாம். எழுதி முடிந்ததும், படிமத்தின் நீளம் வரை இரண்டையும் 'சிஎம்பி' என்னும் கருவியால் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ஒப்பிடாத பிரதி, எண்ணாமல் வாங்கிய நூற்கட்டுக்குச் சமம்.

மூலம் ஏற்கெனவே பழுதுபட்டிருப்பின் 'டிடி' ஏற்றதன்று. படிக்க இயலாத இடங்களைக் குறித்துக்கொண்டு மீண்டும் முயலும் 'டிடிரெஸ்கியூ' என்னும் கருவியையே கொள்க.

இன்று எடுத்த பிரதியில் நாளைய வரவு இராது. ஆகவே மாதந்தோறும் புதிய பிரதி எடுத்து, அதனைச் சங்கக் கட்டடத்திற்கு வெளியே வேறோர் இடத்தில் பாதுகாத்தல் நிர்வாகிகளின் கடமையாகும். அது நடைபெறுகின்றதா என்று பொதுக்கூட்டத்தில் கேட்டறிதல் அங்கத்தினரின் உரிமையாகும்.