கழுகுமலையும் கயத்தாறும்

நெல்லைச் சீமையில் மலை என்றவுடன் பொதியிலும் குற்றாலமுமே நம் நினைவிற்கு வருதல் இயல்பு. ஆயினும், தாமிரபருணிக் கரையை விட்டு வடக்கே சென்று, கரிசல் நிலத்தின் நடுவே தனித்து நிற்கும் ஒரு பாறைக்குன்றைக் காண்போர், நம் நாட்டு வரலாற்றின் இரு பெரும் பகுதிகளை ஒரே பகலில் கண்டு மீளலாம். அக்குன்றே கழுகுமலை. பழைய திருநெல்வேலி ஜில்லாவிற் சேர்ந்திருந்த அவ்வூர், 1986 முதல் தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது.

பாளையங்கோட்டையினின்று புறப்பட்டு மதுரைச் சாலை வழியே சென்றால் முதலில் எதிர்ப்படுவது கயத்தாறு. 1799 அக்டோபர் 16ஆம் நாள், மேஜர் பானர்மன் ஆணைப்படி, வீரபாண்டிய கட்டபொம்மன் இவ்வூரில் ஒரு புளியமரத்தில் தூக்கிலிடப்பெற்றான். அவன் தம்பி ஊமைத்துரை நமது பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பெற்று, 1801 பிப்ரவரி 2ஆம் நாள் தப்பிச்சென்று, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பினான். அதுவும் அவ்வாண்டு மே 24இல் வீழ்ந்தது. வென்றோர் அம் மண்கோட்டையைத் தரைமட்டமாக்கினர். இன்று அங்கே காணப்படும் கோட்டை, 1974இல் அரசாங்கத்தார் கட்டிய நினைவுச்சின்னமே. பழைய மதிலோடு அதனுள் நின்று பொருத எத்தனையோ எளியோரின் பெயர்களும் மண்ணோடு மண்ணாயின.

இந்நினைவோடு கழுகுமலை சேர்ந்து, வெயில் ஏறுமுன் குன்றின்மேல் ஏறுதல் நன்று. முதலிற் காணத்தக்கது வெட்டுவான் கோயில். இது கல்லடுக்கிக் கட்டியதன்று. எட்டாம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், பாறையைச் சுற்றிலும் அகழ்ந்து தனிப்படுத்தி, மேலிருந்து கீழாகச் செதுக்கிய ஒற்றைக்கல் தளி. கட்டுங் கோயிலுக்கு அடிப்படை முதல். இதற்கோ சிகரமே முதல். ஆதலின் வேலை நின்றபோது மேற்பகுதி எழில்பெற, அடிப்பகுதி கரடாகவே நின்றுவிட்டது. மத்தளம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியை இங்கே காணலாம்.

அப்பால், பாறைச் சுவரில் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் அமைந்துள்ளன. பார்சுவநாதர், பாகுபலி, இயக்கி அம்பிகை ஆகியோரும் உளர். அவற்றின் கீழே வட்டெழுத்தில் பொறித்த சிறு கல்வெட்டுக்கள் ஏறத்தாழ நூறு. அவை செய்வித்தோர் பெயர்களைத் தருகின்றன. அவருள் குயவரும் தச்சரும் உளர். குரத்தியர் எனப்படும் பெண்பாலாசிரியரும், அவர்தம் மாணாக்கரும் உளர். பெண் ஆசிரியராய் அமர்ந்து கற்பித்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ!

மற்றொரு கல்வெட்டு இன்னும் சிந்திக்கத்தக்கது. பாண்டியன் மாறஞ்சடையன் மலைநாட்டுச் சடையன் கருநந்தன்மேற் படையெடுத்து அருவியூர்க் கோட்டையை அழித்த செய்தியையும், அப்போரில் மாண்ட வீரர் பொருட்டு இம்மலையில் அறக்கொடை ஏற்பட்டதையும் அது கூறுகின்றது. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டோர் மலையிலே போரில் மடிந்த எளிய வீரர்க்கு இடம் கிடைத்தது. ஆயிரம் ஆண்டுகட்குப் பின்னர் வந்த போரில் மடிந்தோர்க்கு அத்தகைய கல் எங்கே?

நாங்கள் சென்ற அன்று, உடன் வந்த நண்பரொருவர் கூரிய கல்லொன்றைக் கையிலெடுத்துத் தம் பெயரைப் பாறையிற் கீறத் தொடங்கினார். அருகிலே பழைய மாணாக்கர் பெயருள்ள வட்டெழுத்தைச் சுட்டி, "இதன்மேலா எழுதப்போகின்றீர்?" என்றேன். அவர் நாணிக் கல்லைக் கீழே போட்டார். அப்பெயர் கொடையின் அடையாளம். நாம் கீறும் பெயரோ அழிவின் அடையாளம்.

நண்பர்களே, அடுத்த விடுமுறையில் ஒருநாள் சென்று வாருங்கள். வட்டெழுத்தில் நாலைந்து எழுத்தேனும் கற்றுச் செல்லுங்கள். அரசர் பெயரை நூல்கள் காக்கும். குயவன் பெயரையும் குரத்தி பெயரையும் காக்கும் கல்லை நாமே காத்தல் வேண்டும்.