காளானும் குளிகையும்

சென்ற பொங்கல் விழாவன்று, இலை எடுத்த பின்னர் மண்டபத்தின் ஒரு மூலையில் நாம் உரையாடிக் கொண்டிருந்தபோது, சங்கத்து அன்பர் ஒருவரின் துணைவியார் தம் கைப்பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்துக் காட்டினார். "அண்ணா, இது மருந்தே இல்லையாம், வெறும் காளான்தானாம். எதிர்ப்புச் சக்தி பெருகும் என்று என் தம்பி வாங்கி வந்திருக்கிறான். இவருக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டார்.

அவர் கணவருக்கு ஈராண்டுகளுக்கு முன்பு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. அதை ஈந்தவர் அவருடைய தமக்கையார். ஆதலின் அக்கேள்விக்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ உடனே சொல்லிவிட நமக்குத் துணிவு வரவில்லை. குப்பியை மருத்துவரிடம் காட்டும்வரை திறக்க வேண்டாம் என்று மட்டும் கூறினோம். பிறகு அதன் மேற்சீட்டில் அச்சிட்டிருந்த 'பீட்டா குளூக்கான்' என்னும் பொருளைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினோம்.

குளூக்கான் என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக் கொண்ட ஒரு மாவுச்சத்து வகை. அரிசியின் மாவும் அவ்வாறான சங்கிலியே. அது ஆல்பா வகை. நம் குடல் அதனை அறுத்துச் சர்க்கரையாக்கி விடும். பீட்டா வகையில் கண்ணிகள் வேறு விதமாகப் பிணைந்திருப்பதால் நம் செரிமான நீர்கள் அதனை அறுக்க மாட்டா. அது நார்ப்பொருளாகவே பெருங்குடலைச் சென்றடையும். அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு இரையாகும்.

காளானின் உயிரணுச் சுவர் இப்பொருளாலும் கைட்டினாலும் ஆனது. நோய் விளைக்கும் பூஞ்சைகளின் சுவரும் அத்தகையதே. ஆகவே இதைக் கண்டால் "பூஞ்சை புகுந்துவிட்டது" என்று நம் வெள்ளணுக்கள் விழித்துக் கொள்கின்றன. அவ்வணுக்களின் மேலுள்ள 'டெக்டின்-1' என்னும் ஏற்பியே பீட்டா குளூக்கானைப் பற்றிக் கொள்கிறது என்பது 2001-இல் வெளியான ஆய்வில் தெளிவாயிற்று. காளான் குளிகைகளின் புகழுக்கெல்லாம் வேர் இதுதான்.

அப்புகழ் முற்றும் பொய்யன்று. ஜப்பானியர் விரும்பி உண்ணும் ஷிட்டாக்கே காளானிலிருந்து கோரோ சிஹாரா என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 'லென்டினான்' என்ற பீட்டா குளூக்கானைப் பிரித்தெடுத்து, எலிகளின் கட்டிகளை அது கரைத்ததை 1969-இல் அறிவித்தனர். 1985-இல் ஜப்பானிய அரசு அதனை இரைப்பைப் புற்றுநோய்க்குத் துணை மருந்தாக ஏற்றது. ஆனால் குப்பி விற்போர் சொல்லாமல் விடும் செய்தி ஒன்றுண்டு. லென்டினான் ஊசி வழியாக, புற்றுநோய் மருந்துகளோடு சேர்த்து, மருத்துவமனையில் செலுத்தப்பட்டது. 1977-இல் அங்கே ஏற்கப்பட்ட 'கிரெஸ்டின்' வாய்வழி மருந்துதான். எனினும் அதுவும் தூய்மையும் அளவும் வரையறுக்கப்பட்டு, மருத்துவர் சீட்டின் பேரில் துணையாகவே தரப்பட்டது. அம்மருந்துகளின் பெருமையை அங்காடிக் குளிகைக்கு ஏற்றிச் சொல்வது, பட்டத்து யானையின் பெயரைக் கன்றுக்குட்டிக்குச் சூட்டுவது போலாகும்.

நலமுள்ளோர் பீட்டா குளூக்கானை உட்கொண்டால் சளித்தொல்லை சற்றுக் குறைகிறது என்று சில சிறு ஆய்வுகள் காட்டியிருப்பது மெய். அவற்றுட் பெரும்பாலானவை ஈஸ்ட்டிலிருந்து எடுத்த பொருளைக் கொண்டு நடந்தவை. காளானைக் கொண்டு நடந்தவை அல்ல.

இனிக் குப்பிக்குள் இருப்பதைப் பார்ப்போம். சில குளிகைகளில் காளானின் குடைப் பகுதியே இராது. அரிசியிலோ பிற தானியத்திலோ பூசண இழைகளை வளர்த்து, தானியத்தோடு சேர்த்தே அரைத்து அடைத்திருப்பர். அப்போது மேற்சீட்டில் 'பாலிசாக்கரைடு நூற்றுக்கு இவ்வளவு' என்று காணும் பெரிய எண்ணில் தானிய மாவும் அடங்கிவிடும். 'பீட்டா குளூக்கான்' என்று தனியே அளவு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று நோக்குக. 500 மில்லிகிராம் குளிகையில் ஐந்தில் ஒரு பங்கு அப்பொருள் இருந்தாலும் அது 100 மில்லிகிராமே. கடையில் வாங்கும் சிப்பிக் காளான் 100 கிராமில் நீர் போக எஞ்சுவது சுமார் 10 கிராம். அதில் பீட்டா குளூக்கான் ஒரு கிராமுக்குக் குறையாது. கணக்கை வாசகர்களே போட்டுக் கொள்ளலாம்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, இவ்வகைத் துணையுணவுகளின் மேற்சீட்டில் 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கன்று' என்று அச்சிட வேண்டும். நாம் கண்ட குப்பியிலும் அச்சொற்கள் இருந்தன, எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில்.

தலைநகரில் வாழும் நமக்குக் காளானுக்குப் பஞ்சமில்லை. குளிர்காலத்தில் சோனிப்பட்டுப் பக்கத்திலிருந்து மொட்டுக் காளான் வந்து குவிகிறது. 1997-இல் 'காளான் நகரம்' என்று பெயர் பெற்ற ஸோலனும் தொலைவில் இல்லை. ஊரில் இடிமழைக்குப் பின் புற்றுக் காளான் தேடி வரப்பெல்லாம் அலைந்த நினைவு நம்மிற் பலருக்கு இருக்கும். நாய்க்குடை என்று அதனைத் தொடவே தொடாத வீடுகளும் உண்டு. அவர்களை நாம் வற்புறுத்தப் போவதில்லை. அவ்வீட்டார் வாற்கோதுமையையும் ஓட்ஸையும் நாடலாம். அவற்றிலும் பீட்டா குளூக்கான் உண்டு. கிளைகள் வேறு; வேலையும் வேறு. குடலில் அது கூழாகிப் பித்தநீரைப் பற்றி வெளியேற்றுகிறது. ஈரல் மீண்டும் பித்தநீர் செய்ய இரத்தத்திலுள்ள கொழுப்பை எடுத்துக் கொள்கிறது. நாளொன்றுக்கு 3 கிராம் உட்கொண்டால் தீய கொழுப்பு நூற்றுக்கு 5 பங்கு அளவில் குறையும். அமெரிக்க உணவு மருந்து நிறுவனம் ஓட்ஸைப் பற்றி இதனை 1997-இலேயே ஏற்றுக் கொண்டது. 3 கிராம் பெற ஏறக்குறைய 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். பாட்டிமார் காய்ச்சிய பார்லிக் கஞ்சியைத் தெளிவை மட்டும் வடித்துக் குடிக்காமல், வெந்த மணியோடு உண்பது நன்று.

காளானை நன்றாக வேகவைத்தே உண்ணுக. ஷிட்டாக்கேயைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்ட சிலருக்குச் சாட்டையடி பட்டாற்போல் உடலில் கோடு கோடாகத் தடிப்பு எழுவதுண்டு. சமைப்பதற்கு முன் நறுக்கி, நண்பகல் வெயிலில் அரைமணி நேரம் வைத்தால் அதிலுள்ள எர்கோஸ்டிரால் என்னும் பொருள் 'டி' உயிர்ச்சத்தாக மாறும். அடுக்குமாடியின் நான்கடிப் பால்கனி இதற்குப் போதும்.

அவ்வம்மையார் மறுவாரமே குப்பியை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். பிறர் உறுப்பை உடல் அயற்பொருளென்று தாக்காதிருக்க, அதன் தடுப்பாற்றலை அடக்கும் மருந்துகளைக் கணவர் நாள்தோறும் உண்டு வருகிறார். அவ்வாற்றலைத் தட்டியெழுப்புவதாகச் சொல்லும் ஒன்றை அவர் தொடலாகாது என்று மருத்துவர் கண்டிப்பாகக் கூறினாராம். தானே உடலைத் தாக்கும் தடுப்பாற்றல் நோயுடையோரும், இரத்தம் உறையாமலிருக்க மருந்துண்போரும் இவற்றை வாங்குமுன் கேட்க வேண்டும் என்றும் சொன்னாராம். தம்பி மனவருத்தம் கொள்ளாமலிருக்க என்ன சொல்வது என்பதே அம்மையாரின் அடுத்த கவலையாயிருந்தது. மருத்துவர் எழுதித் தந்த சீட்டையே அவருக்குக் காட்டுமாறு சொன்னோம். குப்பியின் விலை 2,400 ரூபாய். திறக்காத குப்பியாதலால் கடைக்காரர் திரும்பப் பெற்றுக் கொண்டார்.