தோலின் கதை – 17: மச்சத்துக்கு மெக்சிகோ சாயம்

எந்த மச்சத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்று போன வாரம் பார்த்தோம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். வெட்டியெடுத்த மச்சத்தின் ஆழத்தை அளப்பது பற்றி இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். அதற்குள் திருமயத்திலிருந்து ஒரு வாசகியின் கடிதம்: “எங்க அப்பத்தாவுக்குக் குதிங்கால்ல கருப்பாப் படருது. கால் ஆணின்னு நினைச்சோம். டாக்டர் சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும்கிறார். கத்தி வச்சா பரவிரும்னு சித்தப்பா தடுக்கிறாங்க. உண்மையா?”

இல்லையம்மா. பயாப்சி எடுப்பதால் மெலனோமா என்ற தோல்புற்று பரவும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. பரவுவது அதைச் சும்மா விட்டுவைப்பதால்தான். நம் ஊர்க்காரர்களுக்கு இந்தப் புற்று வருவதே பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில். வெயில் படாத இடங்கள் என்பதால் கால் ஆணி, அடிபட்ட ரத்தக்கட்டு என்று நாள் போய்விடுகிறது. சித்தப்பா இன்னொன்றைத் தடுக்கட்டும்: சுண்ணாம்பு வைப்பது, ஆசிட் தடவுவது, குதிரைவால் முடி கட்டுவது. (திருமயம் சாலையில் நமணசமுத்திரம் அய்யனார் கோயிலில் அத்தனை குதிரைகள் நிற்கின்றன, நல்லவேளை, எல்லாம் மண்குதிரை.) சுட்டுப் பொசுக்கிய மச்சத்தில் பரிசோதிக்க ஒன்றும் மிஞ்சாது.

சிறிய மச்சம் என்றால் மரத்துப்போக ஊசி போட்டு, சுற்றிலும் ஓரிரு மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து, அடியில் கொழுப்பு தெரியும்வரை முழுசாக எடுப்பார்கள். தையல் நேர்க்கோடாக விழ வேண்டும் என்பதற்காக வெட்டு கண் வடிவத்தில் இருக்கும். அப்பத்தாவுடையதுபோல் படர்ந்திருந்தால், சந்தேகம் அதிகமுள்ள இடத்தில் மட்டும் ஒரு துண்டு. எப்படியானாலும் துண்டு ஃபார்மலினில் விழுகிறது. எந்தப் பக்கம் எது என்று தெரிய ஒரு நூல்முடிச்சு. லேபில் ஓரங்களுக்கு மை பூசி, குறுக்கே நறுக்கி, ஆல்கஹாலில் நீரை வாங்கி, மெழுகில் புதைத்து, ஒரு மில்லிமீட்டரில் சுமார் 250-ல் ஒரு பங்குத் தடிமனில் சீவுகிறார்கள்.

சீவியது அநேகமாக நிறமற்றது. மைக்ராஸ்கோப்பில் வைத்தால் வெறும் மூடுபனி. அதற்குச் சாயம் ஏற்ற வேண்டும். நான் இந்த வாரம் தூங்காமல் படித்தது இந்தச் சாயத்தைப் பற்றித்தான்.

ஹீமடாக்சிலின். மெக்சிகோவின் கம்பெச்சே பகுதியில் வளரும் ஒரு மரத்தின் வைரக்கட்டையிலிருந்து வருகிறது. ஸ்பானியர்கள் அதைத் துணிச் சாயமாக ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றினார்கள். நிறம் நிற்கவில்லை என்று 1581-ல் இங்கிலாந்து இந்தக் கட்டையைத் தடை செய்தது. 1662-ல்தான் தடை நீங்கியது. அதன்பிறகு அந்தக் கரையில் மரம் வெட்டப் போனவர்களில் பலர் கடற்கொள்ளைக்காரர்கள். உலகைச் சுற்றிவந்து புத்தகம் எழுதிய வில்லியம் டாம்பியர்கூட 1670-களில் அங்கே சேற்றில் நின்று கட்டை வெட்டியவர்தான்.

1863-ல் வால்டேயர் என்ற ஜெர்மன் உடற்கூறியலாளர் இதைத் திசுவில் போட்டுப் பார்த்தார். சரியாகப் பிடிக்கவில்லை. 1865-ல் பேமர் என்பவர் படிகாரம் கலந்தார், பிடித்துக்கொண்டது. படிகாரம்! சோழமண்டலக் கரையில் சாயவேர்ச் சிவப்பைத் துணியில் நிறுத்த நம் சாயக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்டதும் அதே படிகாரம்தான். புதுக்கோட்டை லேபானாலும் பாஸ்டன் லேபானாலும், புற்றா இல்லையா என்று முதலில் காட்டுவது இந்தச் சாயப்பட்டறைக் கைமுறை. செல்லின் கரு நீலமாகும். இயோசின் என்ற இன்னொரு சாயம் மற்றதை இளஞ்சிவப்பாக்கும். 2008-ல் மரக்கட்டை வரத்து குறைந்து உலகம் முழுக்க நோய்க்குறியியல் லேப்கள் தவித்தன. செயற்கையாக ஏதாவது கண்டுபிடித்திருக்கலாமே என்றால், இதற்கு நிகரான ஒன்று இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை.

மச்சத்தில் ஒரு வேடிக்கை உண்டு. சில கட்டிகளில் மெலனின் அப்பிக்கிடப்பதால் கருவே தெரியாது. அப்போது முதலில் அந்தக் கருப்பை ரசாயனத்தால் வெளுத்து, பிறகு சாயம் ஏற்ற வேண்டும். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் எஸ்-100, மெலன்-ஏ, எச்எம்பி-45 என்று எதிர்ப்புரதச் சாயங்கள் இருக்கின்றன. ரிப்போர்ட் தாமதமாக இதுவும் ஒரு காரணம்; லேபோடு சண்டை போடாதீர்கள்.

ஆழம் அளக்கும் கதை, 1970-ல் பிரெஸ்லோ என்பவர் மில்லிமீட்டரைப் பிடித்துக்கொண்ட கதை, அடுத்த வாரத்துக்குப் போகிறது. ஆசிரியர் முறைப்பது தெரிகிறது.

திருமயத்துக்கு ஒரு வார்த்தை. ரிப்போர்ட் மெலனோமா என்று வந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி பார்க்கச் சொல்வார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போவதானால், அது உங்கள் ஊர்க்காரர் நட்டது என்று அப்பத்தாவிடம் சொல்லுங்கள். புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த துயரத்தில் பல வருடம் போராடி 1954-ல் திறந்த இடம். எங்கே போனாலும் ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்கையும் லேபில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மறுபடி அப்பத்தா காலை வெட்டாமலே அதிலிருந்து புதிதாகச் சீவலாம். ஆனால் அது மெழுகு. சித்திரை வெயிலில் கார் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடாதீர்கள்; பையிலேயே இருக்கட்டும்.

(தொடரும்)