‘ரிப்போர்ட் நார்மல்தானே... கொழுப்பு மாத்திரை இனி எதுக்கு?’

நெஞ்சுவலியோடு ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறார். மாரடைப்பாக இருக்கலாம் என்று தெரிந்தால், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே 14 மாத்திரைகளை விழுங்கக் கொடுக்கிறார்கள். தமிழக அரசு 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் இது. அந்த 14-ல் ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4. மீதி எட்டும் அடோர்வாஸ்டாடின். ஆமாம், நம் வீடுகளில் ‘கொழுப்பு மாத்திரை’ என்று சொல்கிறோமே, அதேதான்.

பெருங்களத்தூரிலிருந்து குரோம்பேட்டை வருவதற்குள் ஜி.எஸ்.டி சாலை என்ன பாடுபடுத்தும் என்று தாம்பரம்வாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொங்கல் லீவு முடிந்து ஊர் திரும்பும் நாள் என்றால் கேட்கவே வேண்டாம். அந்த நேரம் வீணாகிவிடக் கூடாது என்பதற்குத்தான் இந்த முதல் டோஸ்.

ரத்தம் உறைவதைத் தடுக்க மற்ற இரண்டு மாத்திரைகள், சரி. கொழுப்பு மாத்திரைக்கு அங்கே என்ன வேலை? ரத்தக்குழாயின் உள்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு உடைந்து, அதன்மேல் ரத்தம் உறைவதால்தான் பெரும்பாலான மாரடைப்புகள் வருகின்றன. ஸ்டாடின் வகை மாத்திரைகள் எல்.டி.எல் எனும் கெட்ட கொழுப்பைக் குறைப்பதோடு, அந்தத் திட்டின் அழற்சியைத் தணித்து, மறுபடி உடையாதபடி கெட்டிப்படுத்தவும் உதவுகின்றன.

சிக்கல் ஆரம்பிப்பது வீட்டுக்கு வந்த பிறகு. ஸ்டென்ட் வைத்தாயிற்று, வாக்கிங் போகிறார், எண்ணெய்ப் பலகாரத்தை விட்டுவிட்டார். ஆறு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்தால் எல்லாமே நார்மல். உடனே மெடிக்கல் ஷாப்பில், “அந்தக் கொழுப்பு மாத்திரையை மட்டும் விட்டுட்டு மத்ததைக் கொடுங்க” என்கிறார்.

மழைக்காலத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீட்டுக்குள் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தரை தெரிகிறதே என்று மழை நிற்கும் முன்பே மோட்டாரை அணைத்தால் என்ன ஆகும்? உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைச் சாப்பாடு தருவதில்லை. நம் கல்லீரலே தயாரிக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே அளவு பழையபடி ஏறிவிடும். ஸ்டென்ட் வைத்தது ஓர் அடைப்புக்கு மட்டும்தான். மற்ற குழாய்களில் இருக்கும் திட்டுகள் அப்படியேதான் இருக்கின்றன.

‘நார்மல்’ என்ற வார்த்தையிலேயே ஒரு பொறி இருக்கிறது. லேப் ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் அளவு பொதுவானவர்களுக்கானது. எல்.டி.எல் 95 என்றால் அதில் நட்சத்திரக் குறி இருக்காது. ஆனால், மாரடைப்பு வந்தவர்களுக்கு அது 55-க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது இந்திய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல்.

பலன் இருக்கிறதா என்பதற்கு 1994-லேயே பதில் வந்துவிட்டது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட பாதிப் பேரில் 256 பேர் இறந்தார்கள். சிம்வாஸ்டாடின் சாப்பிட்ட மறுபாதியில் 182 பேர். (இந்த மருந்துக் குடும்பத்துக்கே மூலம், ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ அரிசியில் வளர்ந்த ஒரு பூஞ்சணத்திலிருந்து 1973-ல் பிரித்தெடுத்த பொருள்தான்!)

“எல்லாம் சரி, போட்டா உடம்பு வலிக்குதே?”

வலி பொய்யில்லை. ஆனால், காரணம் எப்போதும் மாத்திரைதானா? பக்க விளைவு தாங்காமல் ஸ்டாடினை நிறுத்திய 60 பேரிடம் பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது. சில மாதம் ஸ்டாடின், சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் எதுவுமே இல்லை. 2020-ல் முடிவு வெளியானது. ஸ்டாடினால் வந்ததாக நினைத்த தொந்தரவில் 90 சதவிகிதம் வெற்று மாத்திரையிலும் வந்திருந்தது! தங்கள் முடிவைப் பார்த்த பிறகு பாதிப் பேர் மறுபடி மாத்திரையைத் தொடங்கிவிட்டார்கள்.

அதற்காக வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை. தசைவலி கடுமையாகி, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே டாக்டரைப் பார்த்தாக வேண்டும். அது அபூர்வம், ஆனால் ஆபத்து. சிலருக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடலாம். டோஸைக் குறைப்பது, ரோசுவாஸ்டாடினுக்கு மாற்றுவது, எசெடிமைப் சேர்ப்பது என்று டாக்டர் கையில் வழிகள் இருக்கின்றன. ‘எனக்கு ஒத்துக்கலை’ என்று நாமே நிறுத்திவிட்டால், இந்த வழிகள் எதுவும் திறக்காது.

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவமனையே இருப்பதால், இரண்டு பக்கமும் மருந்து வாங்குபவர்கள் இந்தப் பகுதியில் உண்டு. தவறில்லை, ஆனால், அங்கே சாப்பிடுவதை இங்கேயும், இங்கே சாப்பிடுவதை அங்கேயும் மறைக்காதீர்கள். சளி, இருமலுக்குத் தரும் கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகூட சில ஸ்டாடின்களோடு ஒத்துப்போகாது.

ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள், விட்டதற்கெல்லாம் சேர்த்துப் போட வேண்டாம். பழைய அட்டையையும் கடைசி ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், “என் எல்.டி.எல் எவ்வளவு இருக்கணும்?” என்று எண்ணாகவே கேளுங்கள். ராத்திரி மறந்துபோகிறது என்பவர்களுக்கு ஒரு செய்தி: அடோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் இரண்டையும் காலையிலும் போடலாம், தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும்.