பிழை தெரிய வரும் காலம்

அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு ஸ்தாபனமாகிய எஃப்.பி.ஐ., ஏறக்குறைய 17 கோடி டாலர் செலவிட்டுத் தனக்கென்று எழுதுவித்த ஒரு மென்பொருளை, நாடெங்குமுள்ள தன் அலுவலகங்களில் புழக்கத்துக்குக் கொண்டுவராமலே 2005-ஆம் ஆண்டில் கைவிட்டது. அதே காரியத்துக்காக அடுத்த ஆண்டு வேறொரு திட்டத்தைத் தொடங்கி, ஒதுக்கிய தொகையில் பெரும்பகுதியை நான்கு ஆண்டுகளில் செலவழித்துவிட்டு, பாதி வழியில் நின்றது. பிறகு வேலை செய்யும் முறையையே மாற்றிக்கொண்டு, மிகச் சிறியதொரு குழுவை வைத்து, 2012 ஜூலையில் அதை முடித்து வைத்தது. மென்பொருள் திட்டங்களை எப்படி நிர்வகிப்பது என்பதைக் குறித்து அரை நூற்றாண்டாக நடந்துவரும் விவாதத்தின் இரு பக்கங்களும் இந்த ஒரே சரித்திரத்தில் அடங்கியிருக்கின்றன. பழைய முறையை 'வாட்டர்ஃபால்' என்றும் புதிய முறையை 'அஜைல்' என்றும் கணினித் துறையினர் சொல்லுவார்கள். தரமணிக்கும் சிறுசேரிக்கும் வேலைக்குச் செல்லும் பிள்ளைகளைப் பெற்றவர்கள், 'ஸ்க்ரம்', 'ஸ்பிரிண்ட்' போன்ற சொற்களை வீட்டிலே தொலைபேசிச் சம்பாஷணைகளில் கேட்டிருக்கக்கூடும். அவை எந்தத் தொல்லைக்குப் பரிகாரமாகப் பிறந்தவை என்பதைச் சாவகாசமாக ஆராய்ந்து பார்ப்பது பயனுள்ள காரியம்.

பழைய முறை கணினிக்கு முற்பட்டது. அணைகளும் பாலங்களும் தொழிற்சாலைகளும் கட்டியவர்களுடைய அனுபவத்தில் விளைந்தது. எந்த வேலை எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடியவேண்டும் என்பதைப் பட்டைகளாக வரைந்து காட்டும் ஹென்றி காண்ட்டின் அட்டவணை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகழ்பெற்றது. நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவப்படும் போலாரிஸ் ஏவுகணையைச் செய்வதற்காக, 1958-ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்கக் கடற்படை 'பெர்ட்' என்ற கணக்கீட்டு முறையை உண்டாக்கிற்று. இந்தப் பரம்பரையில் வந்த நிர்வாகிகள் மென்பொருளையும் அதே கண்கொண்டு பார்த்தது இயற்கையே. முதலில் தேவைகள் அனைத்தையும் எழுதி முடிப்பது, அடுத்து வடிவமைப்பது, பின்னர் நிரல் எழுதுவது, அதன்பின் சோதிப்பது, கடைசியில் உபயோகிப்பவர் கையில் ஒப்படைப்பது என்று ஒவ்வொரு கட்டமும் கையெழுத்தாகி முடிந்த பிறகே அடுத்த கட்டத்துக்கு இறங்கவேண்டும் என்பது அவர்கள் வகுத்த கிரமம்.

இந்தக் கிரமத்தை மூடத்தனம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. பொதுப் பணத்தைச் செலவிடும் ஓர் அரசாங்க இலாகா, என்ன வாங்குகிறோம், என்ன விலைக்கு வாங்குகிறோம், எப்போது கிடைக்கும் என்பதைச் சட்டசபைக்கு முன்கூட்டியே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. வேலையை ஏற்றுக்கொள்ளும் கம்பெனியும், எது வரையில் தன் பொறுப்பு என்பது காகிதத்தில் இருந்தால்தான் கையெழுத்திட முடியும். ஆகவே எண்ணூறு பக்கத்துத் தேவைப் பட்டியல் என்பது அறிவின் அடையாளமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரு தரப்புக்கும் ஒரு பாதுகாப்புப் பத்திரமாக அமைந்துவிடுகிறது. பழைய முறை இன்றளவும் உயிரோடிருப்பதற்கு இதுவே முக்கிய காரணம்.

தொல்லை எங்கே வருகிறதென்றால், மென்பொருளின் சுபாவத்தில் வருகிறது. பாலம் கட்டும்போது தூண் கோணலாக எழும்பினால், வழியே போகிறவனுக்குக்கூட அது தெரியும். மென்பொருளோ கண்ணுக்குப் புலப்படாத பொருள். 'தொண்ணூறு சதவிகிதம் முடிந்துவிட்டது' என்று மாதக்கணக்கில் அறிக்கை வந்துகொண்டிருந்தாலும், அது உண்மையா என்பதைப் பார்த்தறிய வழியில்லை. இதைவிடப் பெரிய சங்கடம், அதைக் கேட்டவருக்கே தமக்கு வேண்டியது இன்னதென்று முழுவதும் தெரிந்திராது என்பது. காகிதத்தில் படிக்கும்போது சரியென்று தலையசைத்த அதே மனிதர், திரையில் அதைத் தொட்டுப் பார்த்த கணத்தில், 'நான் கேட்டது இதுவல்லவே' என்கிறார். ஆயிரம் பேருக்குச் சமைக்கிற பரிசாரகர் குழம்பு கொதிக்கும்போதே ஒரு துளியைக் கையில் விட்டுப் பார்த்துக்கொள்கிறார். இலை போட்டுப் பரிமாறிய பிறகுதான் ருசி பார்ப்பேன் என்று அவர் விரதம் பூண்டிருந்தால் விருந்தின் கதி என்னவாகும்? பழைய முறையில் சோதனை என்பது கடைசிக் கட்டமாக வைக்கப்பட்டிருந்ததனால், தொடக்கத்தில் நேர்ந்த பிழை முடிவிலே வெளிப்பட்டது. அந்தப் பிழையின்மேல் அதற்குள் எத்தனையோ அடுக்குகள் கட்டப்பட்டுவிட்டிருந்தன.

இந்த அபாயத்தை யாரும் அறியாமல் இருக்கவில்லை. 1968-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோவின் ஆதரவில் கூடிய நிபுணர்கள், திட்டங்கள் காலம் தாழ்ந்தும் செலவு மீறியும் போவதைக் கண்டு கவலையோடு விவாதித்தார்கள். 1970-இல் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற பொறியாளர், படிப்படியாக இறங்கும் கட்டங்களைப் படமாக வரைந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்த முறையை அப்படியே கடைப்பிடிப்பது தோல்வியை வரவழைப்பதாகும் என்று எச்சரித்து, முதலில் ஒரு மாதிரியைச் செய்து பார்த்துவிட்டே உண்மையானதைச் செய்யவேண்டும் என்றும், வாடிக்கையாளரைத் தொடக்கமுதல் கூட வைத்துக்கொள்ளவேண்டும் என்றும் அவர் அதிலே வற்புறுத்தியிருந்தார். ஆனால் படம் நிலைத்தது, எச்சரிக்கை நிலைக்கவில்லை. 1985-இல் அமெரிக்கப் பாதுகாப்பு இலாகா வெளியிட்ட 2167 என்ற தர விதி, பெரும்பாலும் அந்தப் படத்தின் வழியையே ஒப்பந்தக்காரர்களுக்கு விதித்தது. ஐ.பி.எம். கம்பெனியின் 360 வரிசைக் கணினிகளுக்கான இயங்குதளத்தை நிர்வகித்த ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான திட்டத்தில் ஆட்களைக் கூட்டினால் அது மேலும் தாமதமாகும் என்று 1975-இல் ஒரு நூலில் எழுதிப் புகழ்பெற்றவர். அந்த நூலின் இருபதாம் ஆண்டுப் பதிப்பில் அவரே, வாட்டர்ஃபால் முறை பிழையானது என்று ஒளிவுமறைவின்றி எழுதினார்.

எஃப்.பி.ஐ.யின் முதல் திட்டம் இந்தப் பின்னணியில் எழுந்தது. 1995-இல் புழக்கத்துக்கு வந்த அதன் பழைய வழக்குப் பதிவு அமைப்பு, பச்சை எழுத்துத் திரைகளும் விசைக் கட்டளைகளுமாக, அப்போதே காலம் கடந்துபோன ஒன்று. 2001 செப்டம்பர் 11-ஆம் தேதித் தாக்குதலுக்குப் பின் அந்தக் குறை தேசத்தின் பார்வைக்கு வந்துவிட, 'வர்ச்சுவல் கேஸ் ஃபைல்' என்ற புதிய அமைப்பை விரைவில் முடிக்கவேண்டும் என்ற நெருக்கடி மிகுந்தது. எஸ்.ஏ.ஐ.சி. என்ற கம்பெனியிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. தேவைப் பட்டியல் 800 பக்கங்களைத் தாண்டியது. அவ்வளவு விஸ்தாரமாக எழுதியும், வேலை நடக்கும்போதே மாற்றங்கள் நூற்றுக்கணக்கில் வந்தவண்ணம் இருந்தன. பழைய அமைப்பை நிறுத்திப் புதியதை எல்லோருக்கும் ஒரே வீச்சில் திறந்துவிடுவது என்ற ஏற்பாடும் இருந்தது. 2003 டிசம்பரில் ஏறக்குறைய ஏழு லட்சம் வரி நிரல் வந்து சேர்ந்தபோது, ஸ்தாபனம் முதலில் 17 குறைகளைச் சுட்டிக்காட்டிற்று. அந்த எண்ணிக்கை பிறகு 59 ஆயிற்று. குற்றம் யாருடையது என்று இரு தரப்பும் வாதாடினாலும், உபயோகிக்கப் போகிறவர்கள் கையில் அந்தப் பொருள் மிகவும் பிந்தியே போய்ச் சேர்ந்தது என்பதில் வாதத்துக்கு இடமில்லை.

இதற்கிடையில் வேறு திசையிலே சிந்தனை வளர்ந்துகொண்டிருந்தது. ஹிரோடாகா டகேயுச்சி, இகுஜிரோ நோனாகா என்ற இரு ஜப்பானிய அறிஞர்கள், புதிய பண்டங்களை விரைவில் உருவாக்கிய கம்பெனிகளை ஆராய்ந்து, பல திறமையுள்ள ஒரு சிறு குழு முழு வேலையையும் சேர்ந்தே முன்னெடுத்துச் செல்வதை 1986-இல் விவரித்தார்கள். அந்தக் கருத்தைத் தழுவி ஜெஃப் சதர்லாண்டும் கென் ஷ்வேபரும் தொண்ணூறுகளில் 'ஸ்க்ரம்' முறையை வகுத்தார்கள். 2001 பிப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் இவர்கள் உட்பட 17 பேர் கூடி, ஒரு சிறு பிரகடனத்தை வெளியிட்டார்கள். சம்பிரதாயங்களைவிட மனிதர்களும் அவர்களுடைய பரஸ்பரத் தொடர்பும், கட்டுக்கட்டான ஆவணங்களைவிட இயங்குகிற மென்பொருளும், ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரின் ஒத்துழைப்பும், திட்டத்தைப் பின்பற்றுவதைவிட மாற்றத்துக்கு இணங்குவதும் மேலானவை என்பது அதன் சாரம். ஆவணமும் திட்டமும் வேண்டியதில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. இரண்டும் மோதும்போது எது முந்தவேண்டும் என்பதைத்தான் சொன்னார்கள்.

நடைமுறையில் இது மிகவும் எளிமையானது. செய்யவேண்டியவை அனைத்தும், உபயோகிப்பவரின் தேவையாகச் சிறுசிறு துண்டுகளில் எழுதப்பட்டு, முக்கியத்துவத்தின்படி வரிசையாக வைக்கப்படுகின்றன. வரிசையை மாற்றும் அதிகாரம் 'பிராடக்ட் ஓனர்' எனப்படும் ஒருவரிடம் இருக்கிறது. குழு அதன் தலைப்பிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொண்டு, 'ஸ்பிரிண்ட்' என்ற குறித்த காலத்துக்குள், பெரும்பாலும் இரண்டு வாரத்தில், வடிவமைத்து, எழுதி, சோதித்து முடித்துவிடுகிறது. தினந்தோறும் கால்மணி நேரம் கூடிப் பேசிக்கொள்கிறார்கள். காலக்கெடு முடிந்ததும், இயங்குகிற பகுதியைக் கேட்டவருக்குக் காட்டி அவருடைய அபிப்பிராயத்தைப் பெறுகிறார்கள். பிறகு தாங்கள் வேலை செய்த விதத்தையே பரிசீலித்துத் திருத்திக்கொள்கிறார்கள். ஆக, பழைய முறையில் ஆண்டுக்கணக்கில் நீண்ட சுற்று இங்கே பதினான்கு நாளாகச் சுருங்குகிறது.

எஃப்.பி.ஐ.யின் இரண்டாவது திட்டத்துக்கு 'சென்டினல்' என்று பெயர். 2006-இல் லாக்ஹீட் மார்ட்டின் கம்பெனியோடு ஒப்பந்தமாகி, 42.5 கோடி டாலர் மதிப்பீட்டில், நான்கு கட்டங்களாக 2009 டிசம்பருக்குள் முடிவதாக இருந்தது. 2010 கோடையில் மதிப்பீடு 45.1 கோடியாக உயர்ந்து, அதில் 40.5 கோடி செலவாகியும், இரண்டு கட்டங்களே முடிந்திருந்தன. அதே வழியில் போனால் இன்னும் ஆறு ஆண்டும் 35 கோடி டாலரும் வேண்டியிருக்கும் என்று வெளி மதிப்பீடு ஒன்று கூறிற்று. அப்போது ஸ்தாபனம் பொறுப்பைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்டது. ஏறக்குறைய 220 ஆக இருந்த ஒப்பந்த ஊழியர்களை 40 பேராகக் குறைப்பதென்று தீர்மானித்தது. எஞ்சிய வேலையைச் சிறு தேவைகளாகப் பிரித்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை முடிந்ததைக் காட்டி நடத்தலாயிற்று.

இதை ஒரு மந்திரக் கதையாக்கிவிடக் கூடாது. புதிய முறையிலும் சென்டினல் ஓராண்டில் முடியும் என்று சொல்லப்பட்டு, அந்தக் கெடுவைத் தாண்டியது. 2011 அக்டோபரில் நூற்றுக்கணக்கானோரை ஒரே சமயத்தில் உபயோகிக்கச் செய்து பார்த்தபோது அமைப்பு தடுமாறியது; கணினிச் சாதனங்கள் போதாதென்று தெரிந்து அவற்றைப் பலப்படுத்த வேண்டியதாயிற்று. புழக்கத்துக்கு வந்த பிறகும், அதன் தேடல் வசதியைக் குறித்துத் தணிக்கை அதிகாரிகள் குறை சொன்னார்கள். ஆயினும் 45.1 கோடிக்குள் அது முடிந்தது. அக்டோபரில் தெரிந்த குறை, முழு ஸ்தாபனமும் அதன்மேல் சார்ந்திருக்கத் தொடங்கிய பிறகு தெரிந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை யோசித்தால், முறையின் பயன் விளங்கும். புதிய குழுவும் பிழை செய்தது. ஆனால் திருத்துவதற்கு அவகாசம் இருக்கும்போதே அதைக் கண்டுகொண்டது.

அப்படியானால் பழைய முறைக்கு இனி இடமில்லையா? இடமுண்டு. இதயத்துக்குத் துணைசெய்யும் கருவியிலும் விமானத்தின் கட்டுப்பாட்டிலும், 'இப்போதைக்கு இதை வெளியிடுவோம், அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம்' என்ற பேச்சு செல்லாது. தேவைகள் நிச்சயமாகத் தெரிந்திருக்கும் இடத்திலும், சட்டம் ஒவ்வொரு படிக்கும் சாட்சிப் பத்திரம் கேட்கும் இடத்திலும், ஆவணமும் கிரமமும் இன்றியமையாதவை. ஆயினும் இங்கேயும் உண்மை நாம் நினைப்பதைவிட நுட்பமானது. ஆவணக் கட்டுப்பாட்டுக்கும் பிழையின்மைக்கும் பேர்போன அமெரிக்க விண்வெளி ஓடத்தின் மூல மென்பொருள்கூட, 1977 முதல் 1980 வரையில், 31 மாதங்களில் 17 சுற்றுகளாக வளர்க்கப்பட்டது. கட்டுப்பாடும் சுற்றும் ஒன்றுக்கொன்று விரோதமானவை அல்ல என்பதற்கு, அஜைல் என்ற பெயர் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்த அத்தாட்சி இது.

மறுபுறம், புதிய முறையும் சடங்காகிவிடக்கூடியதே. தினசரிக் கூட்டம், குழு கலந்து பேசும் இடமாக இல்லாமல் மேலதிகாரிக்கு வருகை சொல்லும் இடமாகிவிடுவதும், வேலையின் கடினத்தை ஒப்பிட ஏற்பட்ட புள்ளிகள் ஊழியரை அளக்கும் கோலாவதும், முடிவுத் தேதியையும் முழுப் பட்டியலையும் முதல் நாளே ஒப்பந்தத்தில் பூட்டிவிட்டு அதற்குள் ஸ்பிரிண்டுகளை ஓட்டுவதும் பல கம்பெனிகளில் காணக்கூடியவை. இப்படிப்பட்ட இடங்களில் மாறியிருப்பது நாமதேயம் மாத்திரமே. மாற்றும் அதிகாரம் யாருக்கும் இல்லாதபோது, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை காட்டுவதால் என்ன பிரயோஜனம்?

ஆகையால் ஒரு திட்டத்தைப் பரிசோதிக்க விரும்புகிறவர், அது எந்த முறையைச் சார்ந்தது என்று விசாரிப்பதைவிட, உபயோகிக்கப் போகிற மனிதர் அந்தப் பொருளை முதன்முதலாகத் தொட்டுப் பார்க்கும் தேதி எது என்றும், அவர் சொல்வதைக் கேட்டு வேலையை மாற்ற அதிகாரமுள்ளவர் யார் என்றும் விசாரிப்பது நல்லது. அந்தத் தேதி அருகில் இருந்து, அந்த அதிகாரமுள்ளவரும் அறைக்குள்ளேயே இருப்பாரானால், ஆவணம் எண்ணூறு பக்கமானாலும் எட்டுப் பக்கமானாலும் திட்டம் பிழைத்துக்கொள்ளும். தேதி ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்குமானால், பிழையும் கடைசியிலேதான் தெரியவரும். அப்போது அதைத் திருத்தக் காலமும் மிஞ்சியிராது, பணமும் மிஞ்சியிராது.